தட்டிப் பார்க்கும் சுத்தியலும் எட்டிப் பார்க்கும் ட்ரோனும்

2012 டிசம்பர் 2ஆம் தேதி காலை, ஜப்பானின் யமனாஷி மாகாணத்திலுள்ள சசாகோ சுரங்கச் சாலையில் கூரைப் பலகைகள் 130 மீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குச் சரிந்து விழுந்தன. ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கான்கிரீட் பலகைகள். கீழே சென்றுகொண்டிருந்த வாகனங்களில் இருந்த 9 பேர் இறந்தார்கள். 1977இல் திறக்கப்பட்ட சுரங்கம் அது. சுரங்கத்தின் உச்சியில் துளையிட்டு, பசை வைத்துப் பதித்த போல்ட்டுகள்தான் அந்தப் பலகைகளைத் தாங்கி நின்றன. அந்த உச்சிப் போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் சோதனை 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு நடக்கவே இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. விபத்து நடந்த அதே ஆண்டு செப்டம்பரில்கூட ஆய்வு நடந்திருந்தது. ஆனால் பலகைகளின் மேல் ஏறி நின்றாலும் உச்சி கைக்கு எட்டாது. எனவே யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

இதன் பிறகு ஜப்பான் அரசு விதியை மாற்றியது. 2014 ஜூலை முதல், 2 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள ஒவ்வொரு சாலைப் பாலத்தையும், சாலைச் சுரங்கங்களையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கை எட்டும் தொலைவில் சென்று பார்த்தாக வேண்டும். தேவையான இடங்களில் தட்டியும் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நான்கு வரை தரம் இட வேண்டும். நான்காம் தரம் என்றால் உடனடி நடவடிக்கை. அந்நாட்டில் இந்த விதிக்குள் வரும் பாலங்கள் 7 லட்சத்துக்கும் அதிகம். விதி எழுதுவது ஒன்று, 60 மீட்டர் பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் பாலத்தின் அடிவயிற்றுக்கு ஒரு பொறியாளரைச் சுத்தியலோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு. சாரம் கட்ட வேண்டும். அல்லது, பாலத்தின் மேல் நின்றபடி நீண்ட கையை வளைத்து அடியில் தொட்டிலை இறக்கும் லாரியைக் கொண்டுவர வேண்டும். அதற்கு ஒரு பக்கப் போக்குவரத்தை நிறுத்த வேண்டும். எதுவும் முடியாத இடத்தில் மனிதர்கள் கயிற்றில் தொங்க வேண்டும்.

ட்ரோன்களும் சுவரேறும் ரோபோக்களும் இந்த வேலைக்குள் நுழைந்தது இந்தச் சிரமத்தின் வழியாகத்தான். இன்று பல நாடுகளில் பாலம், அணை, புகைபோக்கி, குளிர்விப்புக் கோபுரம் என்று உயரமான கான்கிரீட் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். இவை எதைச் செய்கின்றன, எதைச் செய்ய முடியாது என்பதை அறிய, கான்கிரீட் எப்படிக் கெடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அதனால்தான் உள்ளே இரும்புக் கம்பி வைக்கிறோம். சாதாரண இரும்பு ஈரத்தில் துருப்பிடிக்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி மட்டும் பல பத்தாண்டுகள் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் கான்கிரீட்டின் காரத்தன்மை. புதிய கான்கிரீட்டின் பி.எச். அளவு 12.5 முதல் 13 வரை இருக்கும். அந்தக் காரச் சூழலில் கம்பியின் மேல் மிக மெல்லிய காப்புப் படலம் ஒன்று தானாக உண்டாகிறது. படலம் இருக்கும்வரை துரு இல்லை.

இந்தப் படலம் இரண்டு வழிகளில் அழிகிறது. முதல் வழி காற்று. காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உட்புகுந்து, அதன் காரத்தைத் தணிக்கிறது. பி.எச். அளவு 9 அருகே இறங்கினால் படலம் நிலைக்காது. இரண்டாவது வழி உப்பு. கடற்காற்றில் வரும் உப்போ, குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்போ உள்ளே இறங்கினால், காரம் குறையாவிட்டாலும் அதிலுள்ள குளோரைடு படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே விடப்படும் கான்கிரீட்டின் கனத்தைக் கட்டுமானத் தொழிலில் கவர் என்பார்கள். கவர் குறைந்த இடத்தில் இரண்டும் சீக்கிரம் நடக்கும்.

துரு பிடித்தபின் நடப்பதுதான் நமக்கு முக்கியம். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளே இடமில்லை. எனவே சுற்றியுள்ள கான்கிரீட்டை அது நெம்புகிறது. முதலில் கம்பிகள் இருக்கும் மட்டத்தில், பரப்புக்கு இணையாக, ஒரு பிளவு ஓடுகிறது. மேல் அடுக்கு உள்ளிருந்து பிரிந்துவிட்டது; ஆனால் இன்னும் விழவில்லை. இந்த நிலையை அடுக்குப் பிரிவு என்று அழைப்போம். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அங்கே ஒன்றும் தெரியாது, அல்லது ஒரு மெல்லிய விரிசலும் கொஞ்சம் செம்பழுப்புக் கறையும் தெரியும். பிறகு ஒருநாள் அந்த அடுக்கு பெயர்ந்து விழும். கம்பி வெளியே தெரியும். நாம் பழைய கட்டிடங்களின் சன்ஷேடுகளின் அடியில் காண்பது இந்தக் கடைசிக் கட்டத்தை.

ஆக, ஆய்வு செய்பவர் தேடும் பொருள்கள் இருவகை. கண்ணுக்குத் தெரிபவை: விரிசல், கறை, நீர்க்கசிவு, பெயர்ந்த இடம். கண்ணுக்குத் தெரியாதவை: அடுக்குப் பிரிவு, உள்ளே உள்ள வெற்றிடம், துருவேறும் கம்பி. முதல் வகைக்குக் கண் போதும். இரண்டாம் வகைக்குத்தான் சுத்தியல். பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதும் இதுவும் ஒரே வித்தைதான். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். பிரிந்த அடுக்கு பறைத் தோல்போல அதிர்வதால் அடங்கிய, கனத்த ஓசை வரும். பழகிய காது இரண்டையும் நொடியில் பிரித்துவிடும்.

கண், காது என்ற இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டால் எஞ்சியது எளிது. சாதாரண ட்ரோன் கண்ணின் வேலையைச் செய்கிறது. சுவரேறும் ரோபோ பெரும்பாலும் காதின் வேலையைச் செய்ய முயல்கிறது. செய்திகளில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது.

முதலில் ட்ரோன். அது எடுத்த படத்தில் எவ்வளவு மெல்லிய விரிசல் தெரியும் என்பது கேமராவின் விலையைவிட ஓர் எளிய வகுத்தலைப் பொறுத்தது. டிஜிட்டல் படம் சிறு சதுரப் புள்ளிகளால் ஆனது. அவற்றுக்குப் பிக்சல் என்று பெயர். நல்ல கேமரா ஒன்றின் படத்தில் குறுக்காக 8,000 பிக்சல்கள் இருப்பதாகக் கொள்வோம். சுவரில் 3 மீட்டர் அகலம் அந்தப் படத்தில் அடங்கினால், 3,000 மில்லிமீட்டரை 8,000 ஆல் வகுக்க, ஒரு பிக்சலுக்குச் சுமார் 0.38 மில்லிமீட்டர் வருகிறது. இனி இந்திய நெறிமுறையைப் பாருங்கள். கான்கிரீட் கட்டுமானங்களுக்கான ஐ.எஸ். 456, மிதமான சூழலில் விரிசல் அகலம் 0.3 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. எப்போதும் ஈரம் படும் இடத்தில் அது 0.2, கடுமையான சூழலில் 0.1. அதாவது, நாம் கவலைப்பட வேண்டிய விரிசல் நம் படத்தின் ஒரு பிக்சலைவிட மெல்லியது. கறுப்பு விரிசல் வெளிர்நிறச் சுவரில் இருந்தால் பிக்சலுக்குக் குறைவான அகலமும் மங்கலான கோடாகத் தெரியும். ஆனால் 'ஏதோ ஒரு கோடு இருக்கிறது' என்பதற்கும் 'அதன் அகலம் 0.2 மில்லிமீட்டர்' என்பதற்கும் நிறைய தூரம்.

துல்லியம் வேண்டுமென்றால் நெருங்கிப் போக வேண்டும், அல்லது தொலைவைக் கிட்ட இழுக்கும் லென்ஸ் போட வேண்டும். இரண்டிலும் ஒரு படத்தில் அடங்கும் பரப்பு சுருங்கும்; படங்களின் எண்ணிக்கை பெருகும். படங்களை ஒன்றோடொன்று கோத்து முழுச் சுவரின் ஒரே படமாகவோ முப்பரிமாண மாதிரியாகவோ ஆக்க வேண்டுமானால், அடுத்தடுத்த படங்கள் 60 முதல் 80 விழுக்காடு வரை ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். 3 மீட்டருக்கு 2 மீட்டர் அடங்கும் படத்தை இரு திசையிலும் 70 விழுக்காடு படியும்படி எடுத்தால், ஒவ்வொரு படமும் புதிதாகச் சேர்க்கும் பரப்பு வெறும் 0.54 சதுர மீட்டர். 1,000 சதுர மீட்டர் கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 1,850 படங்கள். ஒரு நடுத்தரப் பாலத்துக்கே படங்கள் பல ஆயிரத்தைத் தொட்டுவிடும்.

நெருங்குவதிலும் சிக்கல் உண்டு. திறந்தவெளியில் ட்ரோன் தன் இடத்தை அறிவது செயற்கைக்கோள் சமிக்ஞைகளால். பாலத்தின் அடியில் அந்தச் சமிக்ஞைகள் மறைந்துவிடும், அல்லது தூண்களில் பட்டுத் தெறித்துத் தப்பான இடத்தைக் காட்டும். சுற்றிலும் இரும்பு இருப்பதால் திசைகாட்டியும் தடுமாறும். ஆகவே பாலத்தடியில் பறக்கும் ட்ரோன்கள் தம்மைச் சுற்றிலும் உள்ள கேமராக்களாலும் லேசர் அளவீட்டாலும் தாங்கள் இருக்கும் இடத்தைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்கின்றன. காற்று இன்னொரு தொல்லை. பாலத்தின் உத்திரங்களுக்கு இடையே காற்று சுழன்று வரும். மேலும், ட்ரோன் ஒரு தளத்தின் அடியை ஒட்டிச் செல்லும்போது அதன் இறக்கைகளுக்கு மேலே காற்றழுத்தம் குறைந்து, தளமே அதை மேலே இழுப்பது போன்ற விளைவு உண்டாகிறது. கவனிக்காவிட்டால் போய் மோதும். இதற்காகவே சில ட்ரோன்களைக் கூண்டுக்குள் வைத்துச் செய்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தின் ஃப்ளையபிலிட்டி நிறுவனத்தின் எலியோஸ் இந்த வகையில் அறியப்பட்டது. கூண்டு மோதினாலும் இறக்கை உடையாது. பெட்டிவடிவ உத்திரங்களின் உட்புறம், புகைபோக்கி, சாக்கடைக் குழாய் போன்ற இடுக்குகளில் மனிதர் தவழ்ந்து போக வேண்டிய அவசியத்தை இவை குறைத்திருக்கின்றன. என் பார்வையில், ட்ரோன்கள் இதுவரை செய்த உதவிகளில் ஐயத்துக்கு இடமில்லாதது இதுதான்.

ட்ரோனின் கண் தோலுக்கு அடியிலும் ஓரளவு பார்க்க ஒரு வழி இருக்கிறது: வெப்பப் படக்கருவி. பரப்பிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிர்களை அளந்து, எந்த இடம் எவ்வளவு சூடு என்று படமாகக் காட்டும் கருவி அது. காலை வெயில் பாலத்தளத்தைச் சுடும்போது வெப்பம் கான்கிரீட்டின் உள்ளே இறங்குகிறது. அடுக்குப் பிரிந்த இடத்தில் நடுவில் காற்று இருக்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே மேல் அடுக்கு மட்டும் சுற்றுப்புறத்தைவிடச் சற்று அதிகமாகச் சூடேறும். இரவில் அதே இடம் விரைவாகக் குளிரும். வெப்பப் படத்தில் அது ஒரு திட்டாகத் தெரியும். பாலத்தளங்களில் இதைச் செய்வதற்கு அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு தனித் தரநெறியே வெளியிட்டிருக்கிறது. ஆனால் இது வெப்பநிலை மாறிக்கொண்டிருக்கும் சில மணி நேரத்துக்குள் மட்டுமே பலிக்கும். மேகமூட்டமான நாளில், அல்லது வெயிலே படாத அடிப்பகுதியில், வேறுபாடு மிகச் சிறிதாகிவிடும். பிரிவு ஆழத்தில் இருந்தாலும் தெரியாது. ஈரத்திட்டும் எண்ணெய்க் கறையும் ஏமாற்றும்.

இனி ரோபோ. சுவரேறும் ரோபோ என்றதும் இரும்புத் தொட்டிகளில் காந்தச் சக்கரத்தால் ஏறும் இயந்திரங்கள் நினைவுக்கு வரலாம். கான்கிரீட்டில் காந்தம் ஒட்டாது. ஆகவே காற்றை நம்ப வேண்டியிருக்கிறது. கணக்கு இப்படி: 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கிண்ணத்தைச் சுவரில் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றழுத்தத்தை வெறும் 3 விழுக்காடு குறைத்தால், வெளிக்காற்று அதைச் சுமார் 28 கிலோ எடைக்கு இணையான விசையுடன் சுவரோடு அழுத்தும். சில கிலோ எடையுள்ள ரோபோ நழுவாமல் இருக்க அது தாராளம். ஆனால் கான்கிரீட் சுவர் கண்ணாடி அல்ல. சொரசொரப்பு வழியே காற்று உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். அதனால் உள்ளே ஒரு விசிறி இடைவிடாமல் சுழன்று காற்றை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் தீர்ந்தால் பிடி விடும். ஆகையால் இந்த ரோபோக்கள் பெரும்பாலும் மேலிருந்து தொங்கும் ஒரு பாதுகாப்புக் கயிற்றோடுதான் ஏறுகின்றன. அகலமான விரிசலோ பெயர்ந்த பள்ளமோ குறுக்கிட்டால் அங்கே காற்று கசிந்து பிடி தளரும். எந்த இடத்தைச் சோதிக்க வேண்டுமோ அந்த இடத்திலேயே ரோபோவுக்குக் கால் வழுக்கும் என்பது இந்தத் தொழில்நுட்பத்தின் விசித்திரம்.

வேறு வழிகளும் முயலப்பட்டிருக்கின்றன. டிஸ்னி ஆய்வகமும் ஈ.டி.எச். சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2015இல் காட்டிய வெர்ட்டிகோ, நான்கு சக்கரமும் இரண்டு இறக்கை விசிறியும் கொண்டது. விசிறிகளைச் சாய்த்து, காற்றை உதைத்து, தன்னைச் சுவரோடு அழுத்திக்கொண்டு ஓடும். மீன்தூண்டில் முனை போன்ற நூற்றுக்கணக்கான நுண்கொக்கிகளால் சுவரின் சொரசொரப்பையே பற்றிக்கொள்ளும் ரோபோக்களும் உண்டு. ட்ரோனையே தளத்தின் அடியில் போய் ஒட்டி நிற்கச் செய்து, அதன் தலையில் சக்கரமும் சிறு சுத்தியலும் பொருத்தும் முயற்சி ஜப்பானில் நடந்திருக்கிறது. மோதவைக்கும் என்று அஞ்சிய அதே மேல்நோக்கிய இழுப்பு இங்கே ஒட்டிக்கொள்ள உதவுகிறது.

ஒட்டிக்கொள்வது பாதி வேலை. ஒட்டிக்கொண்டபின் என்ன செய்கிறது என்பதே முக்கியம். ரோபோ சுமந்து செல்லும் கருவிகளில் முதலாவது இயந்திரச் சுத்தியல். மனிதர் தட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இது ஒவ்வொரு முறையும் ஒரே விசையில் தட்டும். ஓசையைக் காதுக்குப் பதில் மைக்கும் அதிர்வுணரியும் பதிவு செய்யும். இதையே ஒருபடி மேலே கொண்டுபோனது எதிரொலி முறை. அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தில் மேரி சான்சலோன், நிக்கோலஸ் கரினோ இருவரும் 1980களில் வளர்த்தெடுத்தது அது. சிறு எஃகுக் குண்டால் தட்டினால் கான்கிரீட்டுக்குள் அழுத்த அலை ஒன்று ஓடும். நல்ல கான்கிரீட்டில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4,000 மீட்டர். 20 சென்டிமீட்டர் கனத் தளத்தில் அது மறுபரப்பில் பட்டுத் திரும்ப 40 சென்டிமீட்டர் ஓட வேண்டும். நொடிக்குச் சுமார் 10,000 முறை போய்வரும். அதிர்வுணரி அந்த எண்ணைக் காட்டினால் தளம் முழுக் கனத்தோடு நலமாக இருக்கிறது. 20,000 என்று காட்டினால் அலை பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. 10 சென்டிமீட்டர் ஆழத்தில் ஏதோ தடை இருக்கிறது. பிரிவு பரப்பை ஒட்டியிருந்தால் மட்டும் கணக்கு மாறும். அங்கே மெல்லிய மேல் அடுக்கு வளைந்து வளைந்து அதிர்வதால், எண் மிகக் குறைந்துவிடும். ஆய்வாளரின் காதுக்கு எட்டும் அந்தக் கனத்த ஓசை அதுவே.

இரண்டாவது கருவி தரை ஊடுருவும் ராடார். ரேடியோ அலையை உள்ளே செலுத்தினால் அது கம்பியில் பட்டுத் திரும்பும். கம்பி எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று தெரியும். கவர் குறைந்த இடங்கள் தெரியும். ஈரமும் உப்பும் மிகுந்த இடத்தில் அலை மங்கும், அதுவும் ஒரு செய்தியே. மூன்றாவது, கம்பி துருவேறிக்கொண்டிருக்கிறதா என்பதைக் கணிக்கும் மின்னழுத்தச் சோதனை. துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. எனவே கான்கிரீட்டின் ஈரமான பரப்பில் ஒரு செப்பு–செப்பு சல்பேட் மின்முனையை வைத்து, கம்பிக்கும் அதற்கும் இடையிலுள்ள மின்னழுத்தத்தை அளந்தால் உள்ளே நடப்பது ஊகமாகத் தெரியும். அளவு –350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால் அரிப்பு நடப்பதற்கு 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு என்று கொள்கிறார்கள். –200க்கு மேலே இருந்தால் அரிப்பு இல்லாதிருக்க அதே அளவு வாய்ப்பு. நடுவில் இருந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஈ.டி.எச். சூரிச்சில் உருவான சி2டி2 என்ற ரோபோ, உறிஞ்சிப் பிடித்துச் சுவரில் ஏறி, சக்கரவடிவ மின்முனையால் இந்த அளவீட்டைச் செய்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஆனால் சோதனையின் மறுமுனைக் கம்பி எங்காவது ஓரிடத்தில் உள்ளே இருக்கும் இரும்பைத் தொட்டாக வேண்டும். அதற்குக் கான்கிரீட்டைக் கொஞ்சம் உடைக்க வேண்டும். ரோபோ ஏறினாலும் உளி பிடிக்கும் ஒருவர் தேவைப்படுகிறார்.

ஏற வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில் இந்தக் கருவிகள் எல்லாம் ஒன்றாகவே போகும். அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகமும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் உருவாக்கிய ராபிட் என்ற சக்கர வண்டி, பாலத்தின் மேல்தளத்தில் ஊர்ந்தபடி எதிரொலி, ராடார், கான்கிரீட்டின் மின்தடை ஆகியவற்றை அளந்து வரைபடமாக்கியது. தரையில் ஓடும் வண்டிக்கு எடை ஒரு பொருட்டல்ல. சுவரில் ஏறும் ரோபோவுக்கு ஒவ்வொரு கிராமும் சுமை. பாலங்களின் அடிப்பகுதிச் சோதனை இன்னும் பின்தங்கியிருப்பதற்கு இந்த எடைக்கணக்கு ஒரு பெரிய காரணம்.

இத்தாலியின் ஜெனோவாவில் வேறு பாதையில் யோசித்தார்கள். அங்கே ரிக்கார்டோ மொராண்டி வடிவமைத்து 1967இல் திறக்கப்பட்ட பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து 43 பேர் இறந்தார்கள். பாலத்தைத் தாங்கிய எஃகு வடங்கள் வெளியே தெரியாதபடி கான்கிரீட் உறைக்குள் இருந்தன. உறைக்குள்ளேயே அவை அரித்துப்போயிருந்ததை நீதிமன்றம் அமர்த்திய நிபுணர்கள் கண்டார்கள். எவ்வளவு நல்ல கேமராவானாலும் அந்த உறையின் வெளிப்பக்கத்தைத்தான் படம் எடுத்திருக்கும். அதே இடத்தில் ரென்சோ பியானோ வடிவமைத்த 1,067 மீட்டர் நீளப் புதிய பாலம் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதில் இத்தாலியத் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த ரோபோக்கள் பாலத்தின் விளிம்போடு பொருத்திய தண்டவாளத்தில் நகர்ந்து, அடிப்பரப்பைப் படமெடுத்துக்கொண்டே இருக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. காற்றில் தடுமாறவோ சுவரைப் பற்றவோ தேவையில்லை. பாதை பாலத்தோடு சேர்ந்தே பிறந்துவிட்டது. பழைய பாலங்களுக்கு இந்த வசதி வாய்க்காது.

ஒரே பாதையில் திரும்பத் திரும்பச் செல்வதில் இன்னொரு பெரும்பயன் இருக்கிறது. ட்ரோன் படங்களுக்கும் அது பொருந்தும். பழைய முறையில் ஆய்வாளர் சாக்பீஸால் விரிசலின் முனையில் கோடிட்டு, குறிப்பேட்டில் ஒரு படம் வரைந்துவிட்டுப் போவார். ஐந்தாண்டு கழித்து வருபவர் வேறொருவர். அவருடைய கண் வேறு. விரிசல் வளர்ந்ததா, அல்லது இவர் அதைச் சற்றுக் கூர்ந்து பார்த்தாரா என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே தூணை ஒரே தொலைவிலிருந்து எடுத்த இரு தொகுப்புப் படங்களை முப்பரிமாண மாதிரியில் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். விரிசல் இருப்பதைவிட விரிசல் வளர்வதுதான் பொறியாளருக்குச் செய்தி.

ஆனால் படங்களை யாராவது பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றின் மேல் மெம்ஃபிஸ் நகரத்தருகே நிற்கும் ஹெர்னாண்டோ டி சோட்டோ பாலத்தில், 2021 மே 11 அன்று முக்கிய எஃகு உத்திரம் ஒன்றில் பெரும் முறிவு கண்டுபிடிக்கப்பட்டது. பாலம் உடனே மூடப்பட்டு, திறக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆனது. பின்னர் பழைய பதிவுகளைப் புரட்டியபோது, 2019 மே மாதம் ட்ரோன் எடுத்த காணொளியிலேயே அந்தச் சேதத்தின் அடையாளம் இருந்ததாக ஆர்கன்சா போக்குவரத்துத் துறை அறிவித்தது. அது எஃகுப் பாலம்தான். ஆனால் செய்தி கான்கிரீட்டுக்கும் பொருந்தும். கருவி பார்த்தது, பதிவும் செய்தது, இரண்டாண்டு யாரும் கவனிக்கவில்லை.

ஆயிரக்கணக்கான படங்களை மனிதர் ஒவ்வொன்றாகப் பார்ப்பது நடவாது என்பதால், விரிசலைத் தானே கண்டு குறியிடும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்திருக்கின்றன. அவை பயனுள்ளவை. ஆனால் சென்ட்ரிங் பலகையின் தடம், சிலந்தி வலை, நீர் வழிந்த கோடு, பழைய ஆய்வாளர் போட்ட சாக்பீஸ் கோடு எல்லாவற்றையும் விரிசல் என்று அவை காட்டக்கூடும். மென்பொருள் எதைத் தவறாகக் காட்டியது என்பதை மனிதர் பார்த்து நீக்கிவிடலாம். எதைக் காட்டாமல் விட்டது என்பதுதான் ஆபத்து. அதற்காக ஒரு பகுதிப் படங்களையாவது மனிதர் முழுமையாகப் பார்த்து, மென்பொருளின் தவறவிடும் விகிதத்தை அளந்தாக வேண்டும்.

ட்ரோனும் சுவரேறியும் எட்டாத ஓர் இடத்தையும் சொல்லிவிடலாம்: தண்ணீருக்கடியில். வெள்ளம் தூணின் அடிமண்ணை அரித்துச் செல்வது உலகெங்கும் பாலங்கள் விழ முக்கியக் காரணங்களில் ஒன்று. அதைப் பார்க்க நீரடி ரோபோக்கள் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் தொடங்கி வளர்ந்த பிளானிஸ் நிறுவனம் இந்தத் துறையில்தான் வேலை செய்கிறது. அணைகள், துறைமுகங்கள், பாலத்தூண்கள் ஆகியவற்றின் மூழ்கிய பகுதிகளை அதன் கருவிகள் சோதிக்கின்றன. மூழ்கிப் பார்க்கும் தொழிலாளரின் உயிர் ஆபத்தை எண்ணினால் இதன் அருமை தெரியும்.

ஜப்பானுக்குத் திரும்புவோம். ஐந்தாண்டுச் சுற்று ஒன்று முடிந்தபின், 2019இல் அந்நாடு தன் ஆய்வு வழிகாட்டியைத் திருத்தியது. அருகில் சென்று பார்ப்பதே அடிப்படை என்ற நிலை மாறவில்லை. ஆனால் அதற்கு இணையான முடிவு கிடைக்கும் என்று பொறுப்பான ஆய்வாளர் கருதினால், ட்ரோன் அல்லது ரோபோவைப் பயன்படுத்தலாம் என்று இடம் விட்டது. கூடவே, எந்தக் கருவி எந்தச் சூழலில் எவ்வளவு துல்லியம் தரும் என்று சோதித்துப் பட்டியலிடும் கையேட்டையும் அரசே வெளியிடத் தொடங்கியது. கருவியைப் புகழாமலும் தள்ளாமலும், அதன் எல்லையை எழுத்தில் வைத்துவிட்டு, முடிவின் பொறுப்பை ஒரு மனிதரின் கையொப்பத்தில் வைத்த இந்த முறை எனக்குச் சரியாகத் தோன்றுகிறது.

இந்தியாவில் 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள், பச்சை மண்டலம் என்று குறிக்கப்பட்ட பகுதிகளில் 120 மீட்டர் உயரம்வரை முன் அனுமதியின்றிப் பறக்க வழிசெய்தன. பறப்பது எளிதாகிவிட்டதால் இனி ட்ரோன் ஆய்வு அறிக்கைகள் நம் ஊர்களிலும் பெருகும். பாலங்களை வைத்திருக்கும் துறைகள் டெண்டரில் 'ட்ரோன் மூலம் ஆய்வு' என்று மட்டும் எழுதாமல், எத்தனை மில்லிமீட்டர் விரிசல் வரை படத்தில் அளக்க முடிய வேண்டும், எந்தப் பகுதிகளைத் தட்டியும் பார்க்க வேண்டும், படங்களைப் படித்துக் கையொப்பமிடும் பொறியாளர் யார் என்பதையும் எழுத வேண்டும். 'பாலம் ட்ரோனால் சோதிக்கப்பட்டது, பாதுகாப்பாக உள்ளது' என்ற வரியை அடுத்தமுறை செய்தியில் படிக்கும்போது வாசகர்களும் இவற்றையே கேட்கலாம்.